பரிவுத் தேர்வில் ஒரு முறைகேடு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் பரிவுக்கு மார்க் போடுவதைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் செய்த மகான்கள் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. மூன்றாவதில் அந்தக் குறை இருக்கக் கூடாது என்பதற்காக இதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மின்விசிறிக்கு நேர் கீழே யார் உட்காருவது என்ற விவாதம் முடிந்த கையோடு, நான்கு பேர் அந்தக் காரியத்தைச் செய்து முடித்தார்கள். மூன்று பேர் பேசினார்கள். நான்காவது ஆளான கதை டீச்சர் தலையாட்டினார்.

கதை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மூன்றாம் வகுப்பில் சத்தம் கூரையைப் பிய்க்கும்போது வேறு யாராயிருந்தாலும் அடிக்கோலைத் தேடுவார்கள். அவர் ஒரு கதையை எடுத்து விடுவார். பிள்ளைகள் முன்னால் அப்படிச் சரளமாகப் பேசுகிறவர், பெரியவர்கள் கூடிய அறையில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தலையாட்டுவதில் அவருக்கு இருபது வருட அனுபவம். ஆமாம் என்பதற்கு ஒரு ஆட்டு. யோசிக்கலாம் என்பதற்கு ஒரு ஆட்டு. எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை என்பதற்கும் அதே ஆட்டுதான்.

கூட்டத்துக்குக் காரணம் ஒரு சுற்றறிக்கை. சிறுவர் கதைகள் மூலமாகப் பரிவை வளர்த்து, புதிதாக வருவோரை அன்புடன் வரவேற்கும் பள்ளிக்கு 'பரிவுப் பள்ளி' என்ற தங்க முத்திரை வழங்கப்படும். மூன்று வாரத்தில் மதிப்பீட்டாளர் வருவார். தலைமையாசிரியர் அறைச் சுவரில் தூய்மைக்கு ஒன்று, பசுமைக்கு ஒன்று, ஒழுங்குக்கு ஒன்று என்று மூன்று முத்திரைகள் ஏற்கெனவே தொங்கின. நான்காவதாக ஓர் ஆணி காலியாக இருந்தது. அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் தலைமையாசிரியருக்கு மனசு கேட்பதில்லை.

"டீச்சர், உங்ககிட்ட ஏதோ கதை இருக்குன்னு சொன்னாங்களே. படிங்க, கேப்போம்" என்றார்.

கதை டீச்சர் ஒற்றைத் தாளை எடுத்துப் படித்தார். அவரே எழுதியது. வயல் காய்ந்துபோனதால் ஒரு நத்தை, வீட்டை முதுகில் சுமந்துகொண்டு, வெகுதூரம் ஊர்ந்து ஒரு குளத்தங்கரைக்கு வருகிறது. கரையில் ஒரு பாறை. பாறை நிறையத் தவளைகள். நத்தை பாறையைப் பார்த்தது. தவளைகள் நத்தையைப் பார்த்தன. பிறகு தவளைகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன.

டீச்சர் தாளை மடித்தார்.

"மீதி எங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"அவ்வளவுதான் சார்."

பெற்றோர் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் தொழிலால் பல் டாக்டர். எதிரே இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் கிடக்கும்போது தான் மட்டும் பேசிப் பழகியவர். "நத்தை வீட்டையும் சேர்த்துத் தூக்கிட்டு வருதே. அப்போ திரும்பிப் போற எண்ணமே இல்லன்னு அர்த்தமா? பெத்தவங்க கேப்பாங்க. நான்தான் பதில் சொல்லணும்."

"அதுல ஒரு நல்லதும் இருக்கு டாக்டர். முகவரிச் சான்று முதுகுலயே இருக்கு" என்றார் தலைமையாசிரியர்.

தேர்வுப் பொறுப்பாளரான கணக்கு வாத்தியாருக்குக் கவலை வேறு. "கொஞ்சம் நகர்ந்துன்னா எவ்வளவு? எத்தனை சென்டிமீட்டர்? ஒரு தவளை நாலு நகருது, இன்னொண்ணு ரெண்டுதான் நகருது. ரெண்டுக்கும் ஒரே மார்க் போட்டா அது நியாயமா?"

"மார்க்கா சார்?" என்றார் கதை டீச்சர். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"மார்க் போடாம, பரிவு வந்துச்சா வரலையான்னு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் பரிவுத் தேர்வு பிறந்தது. எழுத்துத் தேர்வு, ஒரு மணி நேரம், இருபத்தைந்து மார்க். தேறாதவர்களுக்கு மறுதேர்வு.

பல் டாக்டர் விடவில்லை. "இன்னொண்ணு. தவளைங்க எதுக்கு நகரணும்? நம்ம பிள்ளைங்க இடத்தை விட்டுக் குடுக்கணும்னு சொல்ற மாதிரி ஆயிடுது. வரவேற்கறது வேற, நகர்றது வேற."

தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். "இது பாயிண்ட். எழுதிக்குங்க டீச்சர்."

டீச்சர் எழுதிக்கொண்டார். கணக்கு வாத்தியார் அடிக்கோலை வைத்து, 'கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன' என்ற வரியைச் சிவப்பு மையால் நேராக அடித்தார். கோணல்மாணலாக அடிப்பது அவருக்குப் பிடிக்காது. அந்த இடத்தில் 'வரவேற்பின் ஐந்து படிகள்' சேர்க்கப்பட்டன. ஒன்று, புன்னகைத்தல். (பற்கள் தெரிய வேண்டும், மூடிய உதட்டுக்கு அரை மார்க்தான். இது யாருடைய திருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.) இரண்டு, பெயர் கேட்டல். மூன்று, 'நல்வரவு' என்று உரக்கக் கூறுதல். நான்கு, 'உங்களைப் பற்றி இரண்டு வரிகள் சொல்லுங்கள்' எனக் கேட்டல். ஐந்து, கைதட்டுதல். திருத்திய கதையில் தவளைகள் வரவேற்புக் குழு அமைத்தன. தலைமைத் தவளை உரையாற்றியது. நத்தை இரண்டு வரிகளில் நன்றி சொன்னது. பிறகு எல்லாத் தவளைகளும், இருந்த இடத்திலேயே இருந்தபடி, கைதட்டின.

கதை டீச்சர் பேனாவை மூடினார். தலையாட்டினார்.

பள்ளியின் ஆர்வம் கதையோடு நிற்கவில்லை. பல் டாக்டர் தன் சொந்தச் செலவில் ஒரு மஞ்சள் நாற்காலி வாங்கித் தந்தார். முதுகில் 'வரவேற்பு நாற்காலி' என்று எழுதி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், குறுக்கே ரிப்பன் கட்டி, மூன்றாம் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மதிப்பீட்டாளர் திறந்துவைக்கும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. பிள்ளைகள் தினமும் காலையில் வரிசையில் நின்று, காலி நாற்காலியைப் பார்த்து ஐந்து படிகளையும் செய்தார்கள். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை கதை டீச்சருக்கு அந்தப் பள்ளியில் கிடைத்ததில்லை.

இப்படி ஒரு பள்ளிக்கூடமே புதியவர்களை வரவேற்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், கொஞ்சமும் இங்கிதமில்லாமல், நிஜமாகவே ஒரு புதியவள் வந்து சேர்ந்தாள்.

எட்டு வயது. வேறு ஊர், வேறு மொழி. இருந்த ஊரில் இருக்க முடியாமல் போய், அம்மாவும் மகளுமாகக் கிளம்பி வந்தவர்கள். அம்மாவுக்குத் தெருமுனைச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. அந்த அம்மாவுக்கு நம் மொழியில் இரண்டே சொல் தெரியும். ஒன்று 'நன்றி', இன்னொன்று 'மன்னிக்கணும்'. அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் ஏறி இறங்கியிருந்தார். நடந்து போகும் தூரத்தில் மூன்றாவது பள்ளி இதுதான். நான்காவது கிடையாது.

"இப்பவா வரணும்? முத்திரை முடிஞ்சு அடுத்த மாசம் வரக் கூடாதா?" என்றார் தலைமையாசிரியர். ஆனால் சுற்றறிக்கை கண் முன்னே இருந்ததால் சேர்த்துக்கொண்டார். சேர்க்கைத் தாளில் 'தற்காலிகம்' என்று சிவப்பில் முத்திரை விழுந்தது. ஒரு புகார் வந்தாலும் சேர்க்கை ரத்து.

மூன்றாம் வகுப்பில் பதினாறு பெஞ்சு, முப்பத்திரண்டு பிள்ளைகள், பெஞ்சுக்கு இரண்டு பேர். முப்பத்து மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மஞ்சள் நாற்காலி ரிப்பனோடு பளபளவென்று நின்றது. டீச்சர் அதைப் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அலமாரிக்குப் பக்கத்தில், துடைப்பம் சாய்த்து வைக்கும் மூலையில், ஒரு முக்காலியைப் போட்டார். புதியவள் அதில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. 'புதுசு' என்று கூப்பிட்டார்கள்.

அவளிடம் முதலில் போய்ப் பேசியது வாயாடி. வகுப்பில் அதிகம் பேசி, அதிகம் திட்டு வாங்கி, அதிகம் வெளியே நிறுத்தப்படுகிற பெண். பரிவுப் பயிற்சியிலும் அவள்தான் கடைசி. மூன்றாம் படியையும் நான்காம் படியையும் மாற்றிச் சொல்வாள். முதல் நாள் இடைவேளையில் முக்காலிக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவள், மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படியே. புதுசுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரிகிறதா என்று வாயாடி கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் புதுசு சிரித்தாள். உதடு மூடிய சிரிப்புதான், அரை மார்க் தேறும்.

மதிப்பீட்டாளர் அம்மா சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். ஒன்பது மணிக்கு ரிப்பன் வெட்டினார். புகைப்படத்துக்காக நாற்காலியில் ஒரு புதியவர் உட்கார வேண்டும். கதை டீச்சர் புதுசின் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நன்றி வரிகள் தெரியாதே டீச்சர்" என்று தலைமையாசிரியர் காதைக் கடித்தார். "ஒத்திகை பார்த்த பிள்ளையை உட்கார வைங்க."

ஆகவே முதல் ரேங்க் உட்கார்ந்தான். அவன் பல் டாக்டரின் இளைய மகன், அதே பள்ளியில் பாலர் வகுப்பிலிருந்து படிப்பவன். 'நான் வெகுதூரத்திலிருந்து வருகிறேன். உங்கள் அன்புக்கு நன்றி' என்று கணீரென்று சொன்னான். முப்பத்தோரு பிள்ளைகள் பல் தெரியச் சிரித்துக் கைதட்டினார்கள். மதிப்பீட்டாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் நாற்காலிக்கு மறுபடி உறை போட்டார்கள். புதுசு முக்காலிக்குத் திரும்பினாள்.

பத்து மணிக்குப் பரிவுத் தேர்வு. கதை டீச்சர் மேற்பார்வை. மதிப்பீட்டாளர் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து கையடக்கத் திரையில் விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி: 'நத்தையைத் தவளைகள் எவ்வாறு வரவேற்றன? ஐந்து படிகளையும் வரிசை பிசகாமல் எழுதுக.'

புதுசுக்கும் ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். வேறுபாடு காட்டக் கூடாது என்பது பள்ளியின் கொள்கை. அவள் தாளைத் தலைகீழாகப் பிடித்தாள். எழுத மேசை இல்லை. முழங்காலில் வைத்தாள், தாள் நழுவியது. பென்சிலும் இல்லை. சுற்றிலும் எல்லோரும் குனிந்து, ஒரு புதியவரை எப்படி வரவேற்பது என்று மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கதை டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேற்பார்வையாளர் மாணவருக்கு உதவக் கூடாது என்று விதி. பின்வரிசையில் மதிப்பீட்டாளர் இருக்கிறார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பியதை நினைத்து அப்புறம் அவர் ரொம்ப வெட்கப்பட்டார்.

"டீ, புதுசு. இங்க வா."

வாயாடியின் குரல் ரகசியம் பேசுவதற்காகப் படைக்கப்பட்டதல்ல. மூன்றாவது பெஞ்சில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் தட்டிக் காட்டினாள். புதுசு தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். வாயாடி தன் பென்சிலை இரண்டாக ஒடித்து, கூர் இருந்த பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு, மொட்டைப் பாதியைத் தான் வைத்துக்கொண்டாள். வினாத்தாளின் ஓரத்தில் ஒரு தவளை போட்டாள். பக்கத்தில் ஒரு நத்தை போட்டாள். இரண்டுக்கும் நடுவில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு, புருவத்தை உயர்த்தினாள். புதுசின் முகம் மலர்ந்தது. அவள் வரைய ஆரம்பித்தாள்.

அதே பெஞ்சின் மறுகோடியில் முதல் ரேங்க் எழுந்து நின்றான்.

"மிஸ், இவ நகர்றா மிஸ். என் கை இடிக்குது. நான் நாலாம் படி எழுதிட்டிருக்கேன்."

பின்வரிசையில் விரல் நின்றது. மதிப்பீட்டாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். வராந்தாவில் நடந்துகொண்டிருந்த கணக்கு வாத்தியார் உள்ளே வந்து, இரண்டு விடைத்தாள்களையும் இரண்டு விரலால் தூக்கினார்.

"பேசியிருக்கு, இடம் மாறியிருக்கு, பொருள் கைமாறியிருக்கு. கேள்வியவே விளக்கியிருக்கு" என்றார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி நாலும் ஒண்ணா நான் பார்த்ததில்ல."

பன்னிரண்டு மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் அவசரக் கூட்டம். சலவைக்கடைக்கு ஆள் அனுப்பி, அந்த அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். நீராவியில் நனைந்த சட்டைக்கையோடு கதவோரம் நின்றிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அறையில் நிமிர்ந்து பார்த்த ஒவ்வொருவரிடமும் "மன்னிக்கணும்" என்றார்.

"எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒண்ணும் இல்ல" என்றார் மதிப்பீட்டாளர் அம்மா. "நான் பரிவைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனா பரிவுத் தேர்வுல முறைகேடு நடந்தா அறிக்கை வேணும். இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துல பரவியிருக்கா, இல்ல ஒரு பிள்ளையோட நிக்குதான்னு எனக்குத் தெரியணும். மூணு மணிக்குக் கிளம்பறேன்." அவர் சாப்பிடப் போனார்.

தலைமையாசிரியர் காலி ஆணியைப் பார்த்தார். "புதுசு தற்காலிகம்தானே. ரத்து பண்ணிட்டா விஷயம் முடிஞ்சிடும்."

"பாவம் சார்" என்றார் கதை டீச்சர் மெதுவாக.

"யாரு இல்லன்னா? நாம ஒண்ணும் பரிவு இல்லாதவங்க இல்ல டீச்சர். பரிவோடதான் அனுப்பப் போறோம். பிள்ளைங்க கையால ஒரு வாழ்த்து அட்டைகூட எழுதிக் குடுத்து அனுப்பலாம்."

"ஐந்து படியையும் தலைகீழா செஞ்சா வழியனுப்பு விழா ஆயிடும்" என்றார் கணக்கு வாத்தியார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பல் டாக்டர் அதை ஆமோதித்தார்.

முறைகேட்டுப் படிவம் கதை டீச்சரிடம் கொடுக்கப்பட்டது. ஒன்பது கட்டங்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு ஆளில்லாத வகுப்பறையில் போய் உட்கார்ந்தார். மேசை மேல் புதுசின் விடைத்தாள் கிடந்தது. ஒரு பாறை, பாறை நிறையத் தவளைகள், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நத்தை. ஓரத்தில் இருந்த தவளைக்குப் பாதி உடம்பு பாறைக்கு வெளியே தொங்கியது. விழுந்துவிடாமல் இன்னொரு தவளை அதன் காலைப் பிடித்திருந்தது. அதன் கீழே கணக்கு வாத்தியார் சிவப்பு மையில் '0' போட்டு, 'விடை சொற்களில் இல்லை' என்று எழுதியிருந்தார்.

அடித்து நீக்கப்பட்ட தன் வரியை டீச்சர் அந்தப் படத்தில் பார்த்தார். யாரும் அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. டீச்சருக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இருபது வருடமாகத் தலையாட்டிய தன் மேல்தான் முதலில் வந்தது.

வெளியே நிறுத்தப்பட்டிருந்த வாயாடியை உள்ளே கூப்பிட்டார்.

"உனக்கு யாருடி சொல்லிக்குடுத்தா, நகர்ந்து இடம் குடுக்கணும்னு?"

"யாரும் சொல்லல மிஸ். அவளுக்கு உட்கார இடம் இல்ல. அதான்."

"நத்தைக் கதையிலேருந்து கத்துக்கிட்டியா?"

வாயாடி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "அந்தக் கதைல தவளை எங்க மிஸ் நகருது? நத்தை பாவம், எல்லாரும் கைதட்டறதைக் கேட்டுட்டு நின்னுட்டே இருக்கு. கதை முடிஞ்சப்புறமும் நிக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "மிஸ், அவளை அனுப்பிடுவாங்களா?"

"நீ போய் அவகூட உட்காரு" என்றார் டீச்சர்.

பிறகு அவர் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை, கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது உட்படப் படித்தார். அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் அப்படிப் படித்ததில்லை. ஒன்பதாம் கட்டம்: 'இப்பழக்கத்தை மாணவர் எங்கு கற்றார்?' அதன் அடிக்குறிப்பு: 'பள்ளியில் கற்கவில்லை எனில் பள்ளிக்குப் பொறுப்பில்லை. வாய்மொழி எச்சரிக்கையுடன் கோப்பு மூடப்படும். தொடர்புடைய எவரின் சேர்க்கைக்கும் பாதிப்பில்லை.' நான்கு வருடத்துக்கு முன்னால் பல் டாக்டரின் மூத்த மகன் சட்டைக்குள் வாய்ப்பாட்டோடு பிடிபட்டபோது அவசரமாகச் சேர்க்கப்பட்ட வரிகள் அவை. பள்ளிக்கூடங்களில் நல்ல விதிகள் இப்படித்தான் உண்டாகின்றன.

டீச்சர் பேனாவைத் திறந்தார். குற்றத்தின் தன்மை என்ற இடத்தில், 'புதிதாக வந்தவளுக்கு உட்கார இடம் கொடுத்தாள். தன் பென்சிலில் கூரான பாதியைக் கொடுத்தாள். புரியாததைப் புரியவைத்தாள்' என்று எழுதினார். குற்றத்தைத் தடுக்கப் பள்ளி எடுத்த முன்னேற்பாடுகள்: 'கதையில் அந்த வரியை நீக்கினோம். நாற்காலிக்கு உறை போட்டோம். மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.' முறையிட்டவர்: 'வரவேற்பின் நான்காம் படியை எழுதிக்கொண்டிருந்த மாணவன்.' கடைசியாக ஒன்பதாம் கட்டத்துக்கு வந்தார். அதை மட்டும் நிறுத்தி நிதானமாக, கரும்பலகைக் கையெழுத்தில் எழுதினார்: 'புதிதாக வந்தவளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கும் பழக்கத்தை இவள் நம் பள்ளியில் கற்கவில்லை.'

இரண்டே முக்காலுக்குப் படிவம் தலைமையாசிரியர் மேசைக்குப் போனது. அவர் நேராக ஒன்பதாம் கட்டத்துக்குப் போனார். படித்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"நம்ம பள்ளியில் கற்கவில்லை. அடடா, இதைத்தானே டீச்சர் மதிப்பீட்டாளர் அம்மா கேட்டாங்க. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க."

"மத்த கட்டத்தையும் படிச்சிடுங்க சார்."

"ஒன்பது சரியா இருந்தா மத்த எட்டும் சரியாத்தான் இருக்கும்" என்றார் தலைமையாசிரியர். இந்தக் கணக்கைக் கணக்கு வாத்தியாரும் ஒப்புக்கொண்டார்.

பல் டாக்டர் மட்டும் கையை நீட்டினார். "எல்லாம் சரி. ஆனா அந்தப் புதுப் பொண்ணு விஷயம் அப்படியே நிக்குதே. ரத்துன்னு ஒரு வரி சேர்த்துடுங்க."

கதை டீச்சர் தலையாட்டவில்லை. "அடிக்குறிப்புப்படி யாரோட சேர்க்கைக்கும் பாதிப்பில்ல டாக்டர். உங்க பெரிய பையனுக்கு எழுதினது. அதை இப்ப மாத்தினா, அந்தப் பழைய கோப்பையும் திறக்க வேண்டி வரும்."

பல் டாக்டர் வாயைத் திறந்தார். அவரிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களைப் போலவே, திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். அந்த அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டீச்சர் வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டி, சரியாகிவிட்டது என்பதுபோல் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். அந்த அம்மா புரிந்துகொண்டு, தவறான சொல்லை எடுத்து, "மன்னிக்கணும்" என்றார்.

"அதை நீங்க சொல்லக் கூடாதும்மா. நாங்க சொல்லணும்" என்றார் கதை டீச்சர். அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் தெரிந்துவைத்திருந்த அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் தங்க முத்திரை வந்தது. மதிப்பீட்டாளர் அம்மா நேர்மையானவர்; படிவத்தை வரி விடாமல் தன் அறிக்கையில் சேர்த்திருந்தார். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சான்றிதழாகவும் அடித்து அனுப்பியிருந்தார். கண்ணாடிச் சட்டம் போட்டதில் கனம் கூடிப்போய், இத்தனை நாள் காத்திருந்த ஆணி தாங்காமல் பெயர்ந்து வந்துவிட்டது. வேறு இடம் இல்லாததால் சட்டத்தை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்து, மஞ்சள் நாற்காலியின் உறையைப் பிரித்து, அதன் மேல் வைத்தார்கள். அந்த நாற்காலியில் முறைப்படி அமர்ந்த முதல் புதியவர் அந்தச் சட்டம்தான். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பல் தெரியப் புன்னகைத்து, பெயர் கேட்டு, நல்வரவு கூறினார்கள். மூன்றாவது பெஞ்சில் மட்டும் வாயாடியும் புதுசும் ஒருத்தர் இடத்தில் இரண்டு பேராக ஒட்டி உட்கார்ந்து, மொட்டைப் பென்சிலை மாற்றி மாற்றிச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் படி வந்தது. சட்டத்துக்குப் பேச்சு வராதென்பதால், அதைப் பற்றிய இரண்டு வரிகளைத் தலைமையாசிரியரே சொல்ல முன்வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெருமையில் குரல் தழுதழுக்க, சான்றிதழை உரக்கப் படித்தார்:

"இப்பள்ளியின் தலைமையாசிரியர் கையொப்பமிட்டு உறுதி செய்தபடி, புதிதாக வந்தவருக்கு நகர்ந்து இடம் கொடுக்கும் பழக்கம் இங்கே எவருக்கும் கற்பிக்கப்படவில்லை."

ஐந்தாம் படியாக, எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தபடி கைதட்டினார்கள்.